சமூக ஊடகங்களில் வதந்தியும் வசையும்: அரசாங்கத் தடுப்பு முறைகள்

2018-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிர ராஜ்யத்தில் தூலே ஜில்லாவைச் சேர்ந்த ராயின்பாடா என்னும் சிற்றூரில் அன்று சந்தை நாள். ஊர் ஊராகச் சென்று யாசகம் பெற்று வாழும் நாத பந்த டவரி கோசாவி வகுப்பினர் ஐவர் அங்கே வந்து சேர்ந்தனர். பிள்ளை பிடிக்கும் கூட்டத்தார் நடமாடுவதாக அப்பகுதியில் சில நாட்களாகவே கைபேசிகளில் செய்தி உலவி வந்தது. ஐவரில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தார் என்று கூறிக் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஐவரும் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் பிள்ளை பிடிப்போர் அல்லர் என்பது பின்னர் வெளியாயிற்று.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், தமிழ்நாட்டில் திருவண்ணாமலை ஜில்லா போளூருக்கு அருகே, உறவினருடன் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த முதிய மாது ஒருவர், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். இதே சந்தேகத்தின் பேரில் அவரும் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவின் பல ராஜ்யங்களில் உலவிய படங்களுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. உண்மையில் அது பாகிஸ்தானத்துக் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளுமாறு பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் முடிவில் அவ்விருவரும் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவர். அம்முடிவை யாரோ வெட்டி எடுத்துவிட்டனர். எஞ்சிய சில விநாடிப் படமே நம் நாட்டில் சுற்றியது.

சமூக ஊடகத்தால் விளையும் தீங்கு ஒரே தன்மையது அன்று. மேலே கூறியது கூட்டத்தைக் கிளப்பும் வதந்தி. தனி ஒருவரை, பெரும்பாலும் பெண்ணை, இழிசொல்லாலும் மிரட்டலாலும் தொடர்ந்து துன்புறுத்துவது மற்றொன்று. ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவரது சம்மதமின்றிப் பரப்புவது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே கைபேசியில் நிகழினும், இவை பரவும் விதமும் இவற்றுக்குரிய சட்டமும் வேறு வேறாம். களப்பணியாளரும் ஆசிரியரும் இந்த வேறுபாட்டை முதலில் உணர்ந்துகொள்வது அவசியம். ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குக் கூறிப் புகார் கொடுக்க வந்தவரை வீணாக அலையவைப்பது இன்றும் பல இடங்களில் நிகழ்கிறது.

வதந்தி பரவும் கணக்கு

வதந்தி பரவுதல் தொற்றுநோய் பரவுதலை ஒத்தது என்பர். இது வெறும் உவமை அன்று, கணக்கும் ஒன்றே. நோயுற்ற ஒருவர் சராசரியாக ஒருவருக்கு மேற்பட்டோருக்கு நோயைக் கொடுப்பாரானால் நோய் பெருகும். ஒருவருக்குக் குறைவாகக் கொடுப்பாரானால் தானே அடங்கும். செய்தியும் அவ்வாறே.

ஒரு செய்தி ஆயிரம் பேரை அடைந்ததெனக் கொள்க. அவர்களுள் பத்தில் ஒருவர், அதாவது நூறு பேர், அதைப் பிறருக்கு அனுப்புகின்றனர். ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கு அனுப்பினால், அடுத்த சுற்றில் 500 பேர் பெறுவர்; அதற்கடுத்து 250; பின்னர் 125. செய்தி தளர்ந்து மறையும். ஒவ்வொருவரும் இருபது பேருக்கு அனுப்பினாலோ, அடுத்த சுற்றில் 2,000, பின்னர் 4,000, பின்னர் 8,000. மக்களின் குணம் இவ்விரு நிலைகளிலும் மாறவில்லை. அனுப்புவோர் பத்தில் ஒருவரே. மாறியது கருவியின் அமைப்பு ஒன்றே. வதந்தி பரவினால் பாமர மக்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிட்டு மேற்செல்லும் வழக்கம் படித்தோரிடையே உண்டு. அவ்வழக்கம் எத்துணைப் பிழையானது என்பதை இச்சிறு கணக்கே காட்டும்.

இக்கணக்கை உணர்ந்தே 2018-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு இருமுறை கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அம்மாதத்திலேயே, பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படும் செய்திகளின் தலைப்பில் அவ்வாறு குறிக்கும் அடையாளம் ஒன்றை நிறுவனம் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பும் விதித்தது. பிற நாடுகளுக்கு அப்போது வைக்கப்பட்ட வரம்பு இருபது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் ஐந்து என்னும் வரம்பு உலகம் முழுவதற்கும் விரிந்தது. நம் நாட்டில் நேர்ந்த உயிரிழப்புக்களால் பிறந்த விதி ஒன்று உலக விதியாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இவ்வரம்பில் ஓர் ஓட்டை இருந்தது. உரையாடல் என்பது ஒரு தனி மனிதராகவும் இருக்கலாம், ஒரு குழுவாகவும் இருக்கலாம். அக்காலத்தில் ஒரு குழுவில் 256 பேர் வரை சேரலாம்; எனவே ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் ஒரே அழுத்தத்தில் செய்தி 1,280 பேரை எட்டும். பிரேசில் நாட்டு மினாஸ் ஜெராய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2019-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வரம்பு பரவுதலைத் தாமதப்படுத்துமேயன்றி, மிக விரைந்து ஓடும் செய்திகளை அறவே தடுக்காது என்று கண்டது. கொரோனா நோய் பரவிய 2020-ம் ஆண்டு ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு மேலும் இறுக்கப்பட்டது. அதன்பின் அத்தகைய செய்திகள் நூற்றுக்கு எழுபது வீதம் குறைந்தன என்று நிறுவனம் தெரிவித்தது. இது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தாமதம் என்பது அற்ப நன்மை அன்று. வதந்தி ஓர் ஊரை எட்ட ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒரு பகல் ஆகுமானால், அந்தப் பகலில் போலீஸ் நிலைய அதிகாரியோ தலைமையாசிரியரோ மறுப்புச் செய்தியைப் பரப்ப இயலும். சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி அளித்த தீர்ப்பில், கும்பற் கொலைகளைத் தடுப்பதற்கென ஒவ்வொரு ஜில்லாவிலும் போலீஸ் சூப்பரின்டெண்டெண்டுக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாளராக நியமிக்குமாறு ராஜ்ய அரசாங்கங்களைப் பணித்தது. தம் ஜில்லாவில் அவ்வதிகாரி யார், அவரது தொலைபேசி எண் யாது என்பதை ஒவ்வொரு பள்ளியும் பஞ்சாயத்து அலுவலகமும் குறித்து வைத்திருத்தல் நலம்.

இத்தகைய வரம்பு இந்தியாவுக்குப் புதிதன்று. 2012-ம் ஆண்டு ஆகஸ்டில், தாங்கள் தாக்கப்படப் போவதாகக் கைபேசிக் குறுஞ்செய்திகளில் பரவிய வதந்தியை நம்பி, பெங்களூர் முதலிய தென்னாட்டு நகரங்களில் வேலை பார்த்து வந்த வடகிழக்கு ராஜ்யத்தார் ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊர் திரும்பினர். அப்போது மத்திய அரசாங்கம் ஒரு நாளில் ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் மொத்தமாக அனுப்பலாகாது என்று பதினைந்து நாட்களுக்குத் தடை விதித்தது. பின்னர் அது இருபதாகத் தளர்த்தப்பட்டது. இவ்விரு வரம்புகளும் செய்தியின் பொருளைத் தணிக்கை செய்யாமல், அதன் ஓட்டத்தை மட்டுமே மட்டுப்படுத்தின என்பது கவனிக்கத்தக்கது. ஏன் இவ்வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அடுத்து வரும் வரலாற்றால் விளங்கும்.

66-ஏ பிரிவின் வரலாறு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2008-ம் ஆண்டின் திருத்தத்தால் அதில் 66-ஏ என்னும் பிரிவு சேர்ந்து, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. மிகவும் புண்படுத்துவதான செய்தியை அனுப்பினாலும், பொய்யென அறிந்தே பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்கும் செய்தியை அனுப்பினாலும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று அது கூறிற்று. வசையை ஒழிப்பதற்கென வந்த இப்பிரிவு, தன் சொற்களின் தெளிவின்மையால் வேறு வழியிற் சென்றது. எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல்? அசௌகரியத்துக்கு அளவு யாது? 2012-ம் ஆண்டு நவம்பரில், அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டது குறித்து பேஸ்புக்கில் ஒரு கருத்து எழுதிய இளம் பெண்ணையும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட அவருடைய தோழியையும் பால்கரில் போலீஸார் கைது செய்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

2015-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 66-ஏ பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்துச் செய்தது. ஒரு கொள்கையை விவாதிப்பதும் ஆதரித்து வாதாடுவதும் எத்துணைக் கசப்பாயினும் உரிமையே. வன்முறைக்குத் தூண்டும் எல்லையைத் தொடும்போதே அரசாங்கம் தலையிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வரலாறு அத்துடன் முடியவில்லை என்பதே வருந்தத்தக்கது. ரத்தான பிரிவின் கீழ் ஆண்டுக்கணக்காகப் பல ராஜ்யங்களில் வழக்குகள் பதிவாகிவந்தன. 2022-ம் ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி, எவரையும் இப்பிரிவின்படி விசாரிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று. பழைய கைநூல்களை வைத்துப் பயிற்சி நடத்தும் களப்பணியாளர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இறந்த பிரிவை எழுதிக் கொடுத்த புகார், உண்மையான குற்றமாயினும், முதல் நாளிலேயே வலுவிழக்கும்.

உயிரோடுள்ள பிரிவுகள் பல உண்டு. ஒருவருடைய அந்தரங்க உறுப்புக்களின் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரியது. பாலியல் செய்கைகளைக் காட்டும் படங்களைப் பரப்புதல் 67-ஏ பிரிவிலும், குழந்தைகளைப் பற்றியது 67-பி பிரிவிலும் அடங்கும். 2024-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில், பெண்ணை மறைந்து பார்த்தலும் படமெடுத்தலும் 77-ம் பிரிவிலும், அவள் விருப்பமின்றிப் பின்தொடர்தலும் அவளுடைய இணைய உபயோகத்தை வேவு பார்த்தலும் 78-ம் பிரிவிலும், மிரட்டல் 351-ம் பிரிவிலும் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் எரிச்சலைக் குற்றமாக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு செய்கையைச் சுட்டிச் சொல்கிறது.

நிறுவனங்களின் பொறுப்பு

கடிதத்தில் எழுதிய வசைக்குத் தபால்காரர் பொறுப்பாவதில்லை. அதைப் போலவே, பிறர் எழுதியவற்றுக்குச் சமூக ஊடக நிறுவனம் பொறுப்பன்று என்று சட்டத்தின் 79-ம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் இந்தத் தபால்காரர் எந்தக் கடிதத்தை முதலில் காட்டுவது, எதைத் திரும்பத் திரும்பக் காட்டுவது என்று தாமே தீர்மானித்து, அதனால் வருமானமும் பெறுபவர். ஆதலின் அப்பாதுகாப்பு சில கடமைகளுக்கு உட்பட்டதாக ஆக்கப்பட்டது.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 25-ம் தேதி வெளியான விதிகளின்படி, இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் பதிவுற்ற உபயோகிப்போரைக் கொண்ட நிறுவனம் ஒவ்வொன்றும், இந்நாட்டில் வசிக்கும் குறைதீர்ப்பு அதிகாரியையும், போலீஸாருடன் எந்நேரமும் தொடர்பு கொள்ளத்தக்க அதிகாரியையும், சட்டக் கடமைகளுக்குத் தாமே பொறுப்பேற்கும் தலைமை அதிகாரியையும் நியமித்தல் வேண்டும். பெற்ற புகார்களின் விவரத்தை மாதந்தோறும் வெளியிடல் வேண்டும். ஒருவருடைய அந்தரங்கப் படம் பற்றி அவரோ அவர் சார்பில் பிறரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அவ்விதிகள் முதலில் வகுத்தன. இக்கால எல்லைகள் திருத்தங்களால் மாறக்கூடியவை. ஆதலின் விதிகளின் அண்மைப் பிரதியை அலுவலகத்தில் வைத்திருப்பது உத்தமம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி அளித்த பதில் திருப்தி தராவிட்டால் என் செய்வது? முன்னர் கோர்ட்டைத் தவிர வேறு வழியில்லை. 2022-ம் ஆண்டு அக்டோபரில் செய்யப்பட்ட திருத்தத்தால் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைந்தன. மூன்று குழுக்கள் 2023-ம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, மார்ச்சு முதல் தேதியிலிருந்து வேலை தொடங்கின. நிறுவனத்தின் முடிவு கிடைத்த முப்பது நாட்களுக்குள் இணையத்தின் வழியாகவே முறையீடு செய்யலாம், வக்கீல் தேவையில்லை. சிற்றூர்களில் இவ்வசதியை அறிந்தோர் மிகச் சிலரே.

அரசாங்கத்தின் எல்லா முயற்சிகளும் கோர்ட்டில் நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. மத்திய அரசாங்கத்தின் காரியங்களைப் பற்றிய செய்திகளுள் பொய்யானவை எவை என்று குறிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்தின் சரிபார்ப்புப் பிரிவு ஒன்றுக்கே அளித்த 2023-ம் ஆண்டுத் திருத்தத்தைப் பம்பாய் ஹைகோர்ட்டு 2024 செப்டம்பரில் செல்லாது என்று தீர்த்தது. செய்தியை முதலில் அனுப்பியவர் யார் எனக் கண்டறிய வழி செய்ய வேண்டும் என்ற 2021-ம் ஆண்டு விதியை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி ஹைகோர்ட்டை நாடியது. அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு செய்திகள் சங்கேத முறையில் பூட்டப்பட்டுள்ளன. அப்பூட்டைத் தளர்த்தினால் குற்றவாளி மட்டுமின்றி எல்லோருடைய அந்தரங்கமும் தளரும் என்பது நிறுவனத்தின் வாதம். குற்றவாளியைத் தேடும் போலீஸாரின் இடர்ப்பாடும் பொய்யன்று.

வெளிநாடுகளில் ஆஸ்திரேலியா இத்துறையில் தனி அதிகாரி ஒருவரை 2015-ம் ஆண்டிலேயே நியமித்தது. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, கொடிய வசைகளை 24 மணி நேரத்தில் நீக்குமாறு அவ்வதிகாரி நிறுவனங்களுக்கு நேரே உத்தரவிடலாம். 2025 டிசம்பர் 10-ம் தேதி முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை அந்நாடு தடுத்துள்ளது. அதன் பலனை அறியக் காலம் செல்ல வேண்டும்.

படத்துக்கும் ஒரு விரல்ரேகை

உலகின் முதல் விரல்ரேகை நிலையம் 1897-ம் ஆண்டில் கல்கத்தாவில் ஏற்பட்டது. மனிதருக்கு விரல்ரேகை எவ்வாறோ, அவ்வாறே கணினியிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்குறியைக் கணக்கிட்டு எடுக்கலாம். படத்தின் ஒரு புள்ளி மாறினாலும் குறி முழுவதும் மாறிவிடும் முறை ஒன்று. சாட்சியம் திருத்தப்படவில்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க இது உதவும். பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துடன் தர வேண்டிய சான்றிதழில் இக்குறியையும் எழுதுதல் வேண்டும். மற்றொரு முறையில், படத்தைச் சிறிதாக்கினாலும் நிறத்தைச் சற்று மாற்றினாலும் குறி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனமும் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரும் 2009-ம் ஆண்டில் உருவாக்கிய முறை இவ்வகையது. ஏற்கெனவே அறியப்பட்ட குழந்தைக் கொடுமைப் படம் மீண்டும் ஏற்றப்பட்டால், எவரும் அதைப் பார்க்காமலே இயந்திரம் அடையாளம் கண்டுகொள்ளும்.

இதன் சிறப்பு யாதெனில், குறியிலிருந்து படத்தைத் திரும்பப் பெற இயலாது. 2021-ம் ஆண்டு முதல் நடைபெறும் சர்வதேச ஏற்பாடு ஒன்றில், பாதிக்கப்பட்ட வயது வந்தவர் தம் கைபேசியிலேயே படத்தின் குறியைக் கணக்கிட்டு, அக்குறியை மட்டும் அனுப்பலாம். படம் அவர் கையை விட்டு நீங்குவதில்லை. படத்தை யாரிடமும் காட்டக் கூசும் ஒருவருக்கு இது எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் இவ்வகைக் குற்றங்களுக்கெனத் தேசியப் புகார்த் தளம் ஏற்பட்டதற்கும் ஒரு கடிதமே காரணம். கூட்டாகப் பெண்களைக் கெடுத்துப் படமெடுத்துப் பரப்பிய கொடுமையை விவரித்து, ஹைதராபாத்தைச் சேர்ந்த பிரஜ்வலா என்னும் தொண்டு ஸ்தாபனம் 2015-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதியது. கோர்ட்டு அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 2018-ம் ஆண்டு செப்டம்பரில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் தொடங்கி, 2019 ஆகஸ்டில் எல்லாச் சைபர் குற்றங்களுக்கும் விரிந்தது.

சொற்களைக் கண்டறிவதில் இயந்திரம் இந்த அளவுக்கு முன்னேறவில்லை. இந்தியர் எழுதும் மொழி தமிழும் ஆங்கிலமும் கலந்தது. தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுவோர் மிகுதி. ஒரே இழிசொல்லைப் பத்து விதமாக எழுத்துக்கூட்டுவர். சாதியைக் குறித்து இழிவுபடுத்தும் சொல் பல வேளைகளில் அகராதியில் நல்ல பொருளுடையதாகவே இருக்கும். அதை எறிபவருக்கும் தைப்பவருக்குமே அதன் நஞ்சு தெரியும். தமிழ், மலையாளம், கன்னட மொழிகளில் இத்தகைய கலப்பு உரைகளைத் திரட்டி இயந்திரங்களைப் பயிற்றும் ஆராய்ச்சி 2021-ம் ஆண்டளவில் ஊக்கமாக நடைபெறலாயிற்று. எனினும், ஊர் வழக்கை அறிந்த மனிதரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

புகார் வந்தால்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று ஆசிரியையிடம், தன் முகத்தை வேறோர் உடலுடன் ஒட்டிய படத்தை யாரோ அனுப்பி, பணம் தராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவதாக மிரட்டுகிறான் என்று சொல்கிறாள். இவ்வாறு ஒரு நிலைமையைக் கொள்க. முதல் அரை மணி நேரத்தில் ஆசிரியை செய்வதும் செய்யாததுமே பெரும்பாலும் அப்பெண்ணின் கதியை நிர்ணயிக்கும்.

படத்தைத் தம் கைபேசிக்கு அனுப்பச் சொல்லலாகாது. நல்லெண்ணத்தால் பலர் செய்யும் பிழை இது. குழந்தைகளின் ஆபாசப் படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-ம் பிரிவின்படி குற்றம். இதை 2024-ம் ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சென்னை ஹைகோர்ட்டின் முந்திய தீர்ப்பை மாற்றி, உறுதி செய்தது. ஆசிரியர் குழுவில் பகிர்ந்து ஆலோசிப்பதோ அதனினும் கேடு. மிரட்டியவன் செய்யப்போவதாகச் சொன்னதை ஆசிரியர்களே செய்து முடித்தவர் ஆவர். படத்தின் பிரதி எடுக்காமல், அனுப்பியவனின் கணக்குப் பெயர், எண், இணைப்பு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளல் போதும். மிரட்டல் வாசகங்களை அழிக்கக் கூடாது. கைபேசியே சாட்சியம், அதைத் துடைத்துப் புதிதாக்கிவிட வேண்டும் என்னும் பெற்றோரின் அவசரத்தைத் தடுத்தல் வேண்டும்.

மாணவி பதினெட்டு வயதுக்குட்பட்டவள். ஆதலின் போலீஸாருக்கோ சிறுவர் நலப் போலீஸ் பிரிவுக்கோ தெரிவிப்பது, மேற்கூறிய சட்டத்தின் 19-ம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் மறைப்பவர் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாகலாம். பள்ளியின் நற்பெயர் கருதி விஷயத்தை உள்ளேயே முடித்துவிடலாம் என்று நிர்வாகம் கூறுமானால், இப்பிரிவை எடுத்துக்காட்டுவது ஆசிரியைக்குப் பாதுகாப்பாகும். மாணவியின் பெயரையோ பள்ளியையோ பத்திரிகைக்கு வெளியிடுவதும் அச்சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுள்ளது.

தேசியத் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் கூறாமலும் தகவல் தரலாம். எனினும் விசாரணை நடந்து குற்றவாளி பிடிபட வேண்டுமானால் பெயருடன் அளிக்கும் புகாரே பயன் தரும். பணம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருப்பின் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் கைமாறி மறைவதற்கு முன் நிறுத்த இயலுமாயின் அம்முதல் மணி நேரங்களிலேயே இயலும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த ஆபத்துக்கும் 112. மன வேதனையால் உறக்கமும் உணவும் இழந்தவருக்கு டெலி மானஸ் என்னும் இலவச ஆலோசனைச் சேவை 14416 எண்ணில் கிடைக்கும். இவ்வெண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நில்லாது, பெண் குழந்தைகளின் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டலாம். அங்கே தனியாக நின்று படிக்க முடியும்.

பெற்றோரிடம் பேசுவதே யாவற்றிலும் கடினமான பகுதி. செய்தி தெரிந்ததும் பெண்ணின் கைபேசியைப் பறித்து, பள்ளியை நிறுத்தி, திருமணப் பேச்சைத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. குற்றம் செய்தவன் வெளியே இருக்கத் தண்டனை வீட்டிலுள்ளவளுக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை மிரட்டல் வந்தால் அவள் வீட்டில் சொல்லப்போவதில்லை. அதை அறிந்தே மிரட்டுகிறான். பெற்றோரை அழைக்குமுன், பெண் யாரிடம் முதலில் சொல்ல விரும்புகிறாள் என்று அவளையே கேட்பது பல சிக்கல்களைத் தவிர்க்கும். ஆண்பிள்ளைகளும் இவ்வலையில் விழுகின்றனர் என்பதை மறக்கலாகாது. முன்பின் அறியாதவர் படத்துடன் அழைத்துப் பேசி, அதைப் பதிவு செய்து பணம் கேட்கும் மோசடியில் சிக்கிய இளைஞர், வெட்கத்தால் பெண்களைக் காட்டிலும் வாய் திறக்கத் தயங்குவர்.

அனுப்பியவன் அதே பள்ளி மாணவனாக இருத்தலும் கூடும். அவனும் சிறுவனாயின் 2015-ம் ஆண்டுச் சிறுவர் நீதிச் சட்டப்படியே நடத்தப்படுவான். வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்துவது இருவரையும் ஒருசேர ஊருக்கு அறிவிப்பதாகவே முடியும்.

வகுப்பில் செய்து காட்டல்

முன்கூறிய பரவுதற் கணக்கை, கைபேசி இல்லாமலே, நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் செய்து காட்டலாம். வேண்டியவை ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுக்களும் நான்கைந்து பகடைகளும். தொடக்க மாணவர் ஐவருக்குச் சீட்டுத் தருகிறார். பெற்ற ஒவ்வொருவரும் பகடையை ஒருமுறை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் மட்டும் வேறு ஐவருக்குச் சீட்டுத் தரலாம். இல்லையேல் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பெற்றவர் எத்தனை பேர் என்று கரும்பலகையில் எழுதி வருக. இவ்விதிப்படி ஒருவர் சராசரியாகக் கடத்துவது ஆறில் ஐந்து பங்கு. ஆதலின் ஆட்டம் பெரும்பாலும் சில சுற்றுக்களில் அணையும். பின்னர் ஐந்தோ ஆறோ விழுந்தால் அனுப்பலாம் என்று விதியை மாற்றுக. சராசரி ஒன்றே முக்காலை நெருங்கும். பல முறைகளில் வகுப்பின் பெரும்பகுதி சீட்டுப் பெற்றிருக்கும். நாற்பது என்பது சிறிய தொகையாதலின் ஒரே ஆட்டத்தைக் கொண்டு முடிவு கூறாமல், ஒவ்வொரு விதிக்கும் நான்கு முறையேனும் ஆடி, எண்களை அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, பகடையை மாற்றாமல், சீட்டுப் பெறுவோருள் பாதிப்பேர் அதை உருட்டுமுன் ஆசிரியரிடம் வந்து உண்மையா என்று கேட்க வேண்டும் என்று வைத்து, அவர்களுடைய சீட்டுக்களை ஆசிரியர் வாங்கிக்கொள்ளட்டும். கரும்பலகையின் எண்கள் என்ன ஆகின்றன என்பதை மாணவர் தாமே சொல்லுவர்.